ரேக்கில் இல்லாத இம்பெல்லர்

தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூர் போத்தனூர் ரோட்டில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் நான்தான். ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டருக்குத்தான், எனக்கில்லை என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

சரக்கு விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. அதில் ஒன்றைத் தேட கோடு நம்பர் தெரிய வேண்டும். போனில் கேட்கிறவர்களோ, "அந்தப் பழைய மோட்டாருக்குள்ள ஒண்ணு சுத்துமில்லீங்க, அது வேணுங்க" என்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு தேடல் சாப்ட்வேர் வாங்கி வந்தார். பாதிப் பெயரை அடித்தாலே பொருளைக் காட்டும். ஆனால் அது நேராக டேட்டாபேஸைப் பார்க்காது. தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டு அதில்தான் தேடும். டேட்டாபேஸில் எது மாறினாலும் நகலிலும் மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் சுமந்துபோக நடுவில் ஒரு புரோகிராம் எழுதுவது என் வேலை. இன்றைக்கு இதற்குச் செருகுநிரல் என்று லட்சணமான பெயர் இருக்கிறது. அன்றைக்கு அதன் பெயர், "தம்பி என்னமோ எழுதீட்டிருக்குதே, அது."

ஒரு மழைக்காலம் முழுக்க எழுதினேன். கரண்ட் போகும்போதெல்லாம் பேக்கரிக்குப் போய் டீ குடித்தேன். எழுதியதைவிடக் குடித்தது அதிகம். கடைசியில் ஒருவழியாக ஓடியது.

முதல் வாரமே பொள்ளாச்சி டீலர் போன் செய்தார். தென்னந்தோப்புக்காரர் ஒருவருடைய மோட்டார் நின்றுவிட்டது, உள்ளே சுற்றும் சக்கரம், பழைய மாடல் இம்பெல்லர் வேண்டும். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றார். அடித்தேன். திரையில் வந்தது: இருப்பு, ஒன்று.

"இருக்குதுங்க, வாங்க!" என்று முதலாளி போனில் முழங்கினார்.

டீலர் பஸ் ஏறி வந்தார். ரேக்கில் தூசி இருந்தது, இம்பெல்லர் இல்லை. அடுத்து பெருந்துறையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் ஒன்று என்று காட்டி, ஒன்றுமில்லாமல் அனுப்பினோம்.

முதலாளி சத்தம் போடவில்லை. கோயமுத்தூரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க தம்பி, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா இந்த ரூம்ல மோட்டாருக்குக் காயில் கட்டறவங்கள உக்கார வெச்சுபோடலாம்னு இருக்கறனுங்க. ஏசி அவங்களுக்கு ஆகும்."

வீட்டில் கைக்குழந்தை இருந்தது. போன மாதம்தான் தவணையில் பிரிட்ஜ் வாங்கியிருந்தேன். வேறு எந்தக் கம்பெனியிலும் என்னை ஒரு செக்‌ஷனாக மதிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். பெரிய பெரிய புத்தகங்களை அசராமல் படித்து முடித்தவன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. நானே எழுதியதைப் படிக்கும்போது தூக்கம் வந்தது. தப்பு கிடைக்கவில்லை. டேட்டாபேஸில் ஒன்று, நகலிலும் ஒன்று. ரேக்கில் மட்டும் இல்லை. அலுத்துப்போய், டேட்டாபேஸில் சரக்குப் பதிவு போடும் அம்மணியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பேரிங் ஒன்று விற்றது, கடைசி பேரிங். பில் போட்டார். இருப்பில் ஒன்று என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பில்லுக்குப் போனார்.

"பூஜ்யம் போடோணுமில்லீங்க?" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வை, செருப்போடு சாமி ரூமுக்குள் வந்தவனைப் பார்ப்பது போலிருந்தது. "யாவாரம் பண்ற எடத்துல இல்லைங்கற பேச்சே கூடாதுங்க சார். கவுண்டர்ல கூட நாங்க 'வருதுங்க'ன்னுதான் சொல்லுவோம். பூஜ்யம்னு எளுதுனா அப்பறம் வெளங்குமுங்களா?"

"அப்ப காலியா விட்ருங்க."

"காலின்னும் சொல்லாதீங்க சார்."

முதலாளியிடம் போனேன். அவர் என் கட்சிக்கு வருவார் என்று நினைத்தது என் படிப்பின் குறை. "பூஜ்யம்னு எளுதறதுக்கா எங்கப்பா கடை வெச்சாரு?" என்றார். "உங்க மெசினை மாத்துங்க."

ஆக, உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லக் கூடாது. மறுபடி பேக்கரிக்குப் போனேன். இரண்டாவது டீயில் தெளிந்தது. தீர்ந்துபோனால் ஒன்றை அழித்துவிட்டு அந்த இடத்தை வெள்ளையாக விடட்டும். வெள்ளைக்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது. வெள்ளையாக இருந்தால் என் புரோகிராம் நகலில் எண்ணுக்குப் பதிலாக ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் வைக்கும். அம்மணி யோசித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைன்னா லட்சணந்தானுங்க" என்றார். அன்றே உட்கார்ந்து எழுதினேன். அந்த மழைக்காலத்தில் நான் எழுதியதிலேயே சின்ன துண்டு அதுதான். வேலை செய்ததும் அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து பொள்ளாச்சிக்காரர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஷாஃப்ட் ஸ்லீவ். முதலாளி பின்னால் வந்து நின்றார். காயில் கட்டுகிறவர் ஒருவர் ஏற்கெனவே வாசலில் நின்று அறையை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது. அடித்தேன். திரையில் வந்தது: வருதுங்க.

முதலாளி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனில் சொன்னார்: "வருதுங்க."

"சரிங்க," என்றார் பொள்ளாச்சிக்காரர். எனக்கே கேட்டது. "அப்ப உங்ககிட்ட இல்லீங்க. நான் டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குப் போன் போட்டுப் பாத்துக்கறேன். நல்லவேளை, இந்தவாட்டி பஸ்ஸேற வெக்கலீங்க."

முதலாளி போனை வைத்தார். "இப்பத்தான் மெசினுக்கு நம்மூர்ப் பேச்சு வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, ஏசியை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

காயில் கட்டுகிறவர்கள் வரவில்லை. அந்த அறையில் மேலும் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே முதலாளி எட்டிப்பார்த்து, பில்லையும் அந்த மெசினோடு சேர்த்துவிடச் சொன்னேனே, எப்போது முடியும் என்று கேட்பார்.

"வருதுங்க" என்பேன். அவருக்கும் புரிந்துவிடும்.