ஏழும் ஒன்றும்

அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் நீல மையில் "7 மாதம், 1 வாரம்" என்று எழுதியிருந்தது. தெளிவான கையெழுத்து. எழுதிய நர்ஸ் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதினாள். சொன்னவர் என் மாமனார்.

செய்யூரில் எங்கள் வீட்டில் எட்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சனியின் எண்ணாம், சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். எட்டு மணி பஸ், 'ஏழும் ஒண்ணும்' மணி பஸ். எட்டு மூட்டை வேர்க்கடலையும் அப்படியே. இத்தனைக்கும் தினமும் காலையில் நாமம் இட்டுக்கொண்டு அவர் ஜபிக்கிற மந்திரம் எட்டெழுத்து. அதுவும் நூற்றெட்டு முறை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது பெருமாள் கணக்கும்மா. இது நம்ம கணக்கு" என்றார். கிருஷ்ணனே எட்டாவது பிள்ளைதானே மாமா, அஷ்டமியில்தானே பிறந்தான் என்றேன். "அதான் மாமனுக்கு ஆவல" என்றார். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

எனக்கு எட்டாம் மாதம் முடியப் போகிற சமயம். ஒரு காலை வேளையில் ரத்தப் போக்கு. கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். மாமனார்தான் பக்கத்து வீட்டுக் காரில் அருகிலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரத்தில் செக்கப் நோட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது. "எத்தினி மாசம்?" என்று நர்ஸ் கேட்டாள். "ஏழும் ஒண்ணும்மா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன், ஆனால் காது நன்றாகக் கேட்டது. தப்பு என்று தோன்றவேயில்லை. நாலு வருடப் பழக்கம். எனக்கு அது எட்டு என்றுதான் கேட்டது.

ஏழு மாதக் குழந்தையை இப்போது எடுத்தால் தாங்காது, பொறுத்துப் பார்ப்போம் என்று வலியை நிறுத்த ஊசி போட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. பிற்பகல் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வாரம் ஆயிருக்கேம்மா. காலையிலயே எடுத்திருக்கலாமே" என்றார். ஆண் குழந்தை. அழவேயில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது. என் பிள்ளையின் சாவுக்கும் அந்த எண் மேலேயே பழி. மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "நான் சரியாத்தாம்மா சொன்னேன். ஏழும் ஒண்ணும் எவ்ளோன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?" என்றார். அன்று அவர் முகத்தில் காறி உமிழாமல் இருந்தேனே, அது பொறுமை அல்ல. எழுந்து உட்காரத் தெம்பில்லை.

போன மாதம் அவரை மாமல்லபுரத்துப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. தரிசனம் முடிந்து கடற்கரையில் உட்கார்ந்தோம். அவருக்கு முழங்கால் வலி, நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

"மாமா, அவன் இருந்திருந்தா இப்ப இன்னா வயசு?" என்றேன்.

யாரை என்று அவர் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். "ஏழும்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் காத்திருந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் எட்டு விரல்களை நீட்டிக் காட்டினார்.

"வாயால சொல்லுங்க" என்றேன்.