சின்னாவுக்கு நின்னு வந்த துடிப்பு

சின்னா, இன்னைக்கு உன் பேஸ்மேக்கர் கார்டை எடுத்துக்கினு சித்தூர்லேர்ந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நீ செத்துப்போனது மஞ்சக்காமாலையிலதான். ஆனாலும், "நெஞ்சு ஒரு துடிப்பு நின்னு வருதுக்கா"ன்னு நீ சொன்னது எனக்குள்ள அறுத்துக்கினே இருந்தது.

மிஷின் பாக்குற பொண்ணுகிட்ட கார்டைக் காட்டி, "என் தம்பிக்கு வெச்சது கெட்டுப்போயிருந்ததாம்மா?"ன்னு கேட்டேன்.

"லேதக்கா, கெடல. இது ரெண்டு ஒயர் மிஷின். இதயம் தானா துடிக்குதான்னு பாக்க, அப்பப்போ ஒரு துடிப்பு நேரம் காத்திருக்கும். துடிக்கலைன்னா உடனே அதுவே துடிக்க வெச்சிடும். சிலருக்கு அந்த ஒரு துடிப்பு நின்னு வர்றது தெரியும்"னு சொன்னா.

அப்போ நீ சொன்னது நிஜம். நான்தான், "அத்தனை மாங்கா துன்னா வாயுதான் வரும், போடா"ன்னு சிரிச்சேன்.

அதுக்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கல. எத்தனை தடவை நின்னு வந்ததுடா, அக்காகிட்ட சொல்லாமலே?