சண்முகராசா அத்தான் மச்சம் விட்ட கதை

என் அக்கா சுவர்ணாவின் கணவர் சண்முகராசா இறைச்சி தின்னாமல் இருக்கிறார் என்று சில வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். லண்டன் குட்மேய்ஸில் சனிக்கிழமை காலை இறைச்சிக் கடை திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நிற்பவர் அவர். ஜேர்மனியில் பதினொரு வருடம் உணவகச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து பஸ் ஓட்டுகிறார். மீனோ இறைச்சியோ, மச்சம் ஏதும் இல்லாத சோற்றை ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்பார். கோயிலுக்காக வெள்ளிக்கிழமை ஒருநாள் மரக்கறி சாப்பிடுவதற்கே வியாழன் இரவு இரட்டிப்பாகத் தின்று வைப்பார்.

அவருடைய மகன் சிவதர்ஷன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கடைசி வருடம். எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், சிலர் கால்பந்து. இவன் போய்ச் சேர்ந்தது அமெரிக்கன் ஃபுட்போல். அதிலும் பந்தைத் தொடவே விடாத இடம். எதிரே வருகிறவனை மறித்துத் தள்ளுவதுதான் முழு வேலை. "பந்தும் இல்லாமல் அடி வாங்கிறதுக்கு ஒரு விளையாட்டே?" என்று அத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மகனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் அவனுக்கு நொந்திருக்கும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீமில் இருந்த கெட்டிக்காரப் பெடியன்கள் எல்லாரும் முந்திய வருடமே படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு சிவதர்ஷன் கப்டன். முதல் மேட்ச் நாற்பத்தெட்டுக்குப் பூச்சியம். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் மானமான தோல்வி. அன்று மழை என்பதால் அத்தான் அவனைக் காரில் ஏற்றப் போனார். வீட்டு வாசலில் இறங்கும்போது அவன் சொன்னானாம், எட்டு மேட்சில் ஒன்றே ஒன்று வென்றால் போதும், பிறகு சந்தோசமாக விட்டுவிடுவேன் என்று. அத்தானுக்கு அன்று இரவு நித்திரை இல்லை. இவ்வளவு நாளும் பிள்ளையைக் கிண்டலடித்ததை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் நேர்த்தி வைத்தார். மகனின் டீம் ஒரு மேட்ச் வெல்லும்வரை மச்சம் தொடுவதில்லை. மனதுக்குள் வைத்திருந்தால் முருகனோடு தனியாகப் பேசித் தீர்த்திருக்கலாம். மனுசன் பிரசாத வரிசையில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டார். எவ்வளவு மோசமான கிரிக்கெட் டீமும் எப்படியோ ஒரு மேட்ச் வெல்லும், இல்லாவிட்டால் மழை குறுக்கிட்டாவது வெற்றி விழும் என்பது அவர் கணக்கு. கூடினால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் என்று என்னிடம் சொன்னார். அமெரிக்கன் ஃபுட்போலை மழைக்கு நிறுத்தமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாவது தோல்வி, நாலாவது, ஐந்தாவது. இடையில் ஒரு கலியாணம், இரண்டு பிறந்தநாள், தீபாவளி, டிசம்பரில் என் வீட்டு நத்தார் விருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டலைக் கடந்து போகும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு போவதை நான் என் கண்ணால் கண்டேன். பகிடி விடாத ஆள் இல்லை. நானும் விட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஷிப்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, பஸ் கம்பனி ஜாக்கெட்டோடு ஒவ்வொரு மைதான ஓரத்திலும் நின்றார். ஆறாவது மேட்சில், சிவதர்ஷன் மறித்த இடத்தால்தான் பந்து போனது என்று எனக்கே விளங்கப்படுத்தினார்.

மார்ச்சில் கடைசி மேட்ச். அதுவரை ஏழும் தோல்வி. அன்று நானும் போனேன். எதிர் டீமின் ஒரு வான்தான் வந்தது. மற்றது நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. வந்தவர்கள் பதின்மூன்று பேர். ஆட்டத்துக்கு விதி கேட்கிற ஆள்தொகைக்கு அது காணாது. அரைமணி நேரம் பார்த்தபின் நடுவர் சிவதர்ஷனைக் கூப்பிட்டார். அவன் கேட்டால் அந்த நிமிடமே வெற்றி எங்கள் பெடியன்களுக்கு. விரும்பினால் காத்திருந்து விளையாடலாம்.

அவன் நேரே தகப்பனிடம் வந்தான்.

"அப்பா, நான் ஓம் எண்டு சொன்னால் வெண்டிட்டம். உங்கட நேத்தியும் முடிஞ்சுது."

சொல்லடா ஓம் என்று நான் கத்தாத குறை. அத்தான் மகனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்ன செய்ய விருப்பம்?"

"விளையாட வேணும், அப்பா."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கிறாய்? போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மற்றவர்கள் வேறொரு வானில் வந்து இறங்கியபோது எங்கள் பெடியன்கள் கைதட்டினார்கள். ஆட்டம் நடந்தது. கடைசி நிமிடம் வரைக்கும் எங்கள் பெடியன்கள் பன்னிரண்டுக்கு எட்டு என்று முன்னுக்கு நின்றார்கள். அத்தான் என் கையைப் பிடித்து நெரித்த இடம் இரண்டு நாள் நொந்தது. கடைசியில் மற்றவர்கள் ஒரு தரம் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பதினாலுக்குப் பன்னிரண்டு. தோல்வி.

சேறு அப்பிய முகத்தோடு சிவதர்ஷன் வந்தான். ஏழு தோல்விக்கும் அழாதவன் அன்று அழுதான்.

"இனி எனக்கு மேட்ச் இல்லை, அப்பா. நீங்கள் இனி எப்பவும் மச்சம் சாப்பிட ஏலாதே."

"பரவாயில்லை," என்றார் அத்தான். "கார்ச் சீற்றில சேறு படாமல் ஏறு, அம்மா பேசுவா."

ஐயரிடம் கேட்டு வேறு காணிக்கை கொடுத்து நேர்த்தியை முடிக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்கமாட்டார். சிவதர்ஷன் இப்போது ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் அவன்தான் தகப்பனுக்கு மரக்கறிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் புது ஆள். ஏன் அண்ணை, சலரோகமோ, சீனி கூடிட்டுதோ என்று கேட்டார்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனின் தோளில் கையைப் போட்டார்.

"இல்லைத் தம்பி. இவன்ர டீம் எட்டு மேட்ச் விளையாடினது. ஒண்டும் வெல்லேல்லை."

மகன் வைத்தியராக வந்ததைச் சொல்கிற தகப்பன்மார் எத்தனையோ பேரை இந்த லண்டனில் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.