கூடிப்போன இரண்டு மதிப்பெண்

ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து பார்க்கிற வழக்கமே கூலிங்காரருக்குக் கிடையாது. நேராகப் பின்பக்கம் போவார். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை நுழைத்து, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோலக் கறுப்புக் கம்பிகளைத் தொட்டுப் பார்ப்பார். "இங்க சூடு வந்தாத்தாம்மா உள்ள ஜில்லுன்னு இருக்கும். குளிர்னு தனியா ஒண்ணும் கிடையாது. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய கொட்டுது, அவ்வளவுதான்." வீட்டுக்கார அம்மாள், எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்பாள்.

இருபத்திரண்டு வருடமாக இதே ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. மண்டியிட்டு மண்டியிட்டு அவருடைய எல்லாக் கால்சட்டைகளும் முட்டியில் வெளுத்திருக்கும். திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவதால் பாதிப் பேச்சு புரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆறாவது படிக்கும் மகளின் விடைத்தாள் வந்துவிட்டால் மட்டும் கை கழுவி, துடைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அப்படித்தான் போன மாதம் அறிவியல் தாளில் அந்த வரி கண்ணில் பட்டது. 'ஃபிரிட்ஜ் எவ்வாறு இயங்குகிறது?' என்பது கேள்வி. 'குளிரை உண்டாக்கி உள்ளே அனுப்புகிறது' என்று மகள் எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டுக்கு இரண்டு.

"யாரு சொன்னா இப்படி?"

"புத்தகம்."

"நான் என்ன சொல்லிக் கொடுத்திருக்கேன்?"

"அது தெரியும்ப்பா. போன டெஸ்ட்ல நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். முட்டை போட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வருவீங்க."

மறுநாள் பள்ளிக்கூடம் போனார், தோளில் கருவிப் பையோடு. அறிவியல் டீச்சர் தாளை வாங்கி, எல்லாப் பெற்றோருக்கும் செய்வதுபோல முதலில் கூட்டலைச் சரிபார்த்தார்.

"கூட்டல் சரியாத்தானே சார் இருக்கு? எங்கயாவது குறைச்சுப் போட்டிருக்கேனா?"

"இல்லம்மா, கூடப் போட்டிருக்கீங்க. இந்த ரெண்டு மார்க் தப்பு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கூலிங்காரர் அதைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். டீச்சரும் வைத்துப் பார்த்தார்.

"நீங்க சொல்றது எனக்கும் தெரியும் சார். ஆனா கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் மேலேருந்து வருது, எல்லா ஸ்கூலுக்கும் ஒண்ணுதான். நான் மாத்தித் திருத்தினா அடி உங்க பொண்ணுக்குத்தான்."

"அப்ப அந்தப் புத்தகத்தை யாருமே பார்க்க மாட்டாங்களா?"

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். பாடநூல்களைப் பெற்றோர் குழு பார்வையிட்டு ஏற்றுக்கொண்டது என்று எழுதியிருந்தது. கீழே ஐந்து கையெழுத்து. மூன்றாவது கூலிங்காரருடையது.

பெற்றோர் குழு கூடிய அந்த நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. எட்டுப் புத்தகம், அரை மணி நேரம், நடுவில் டீ. அவர் அறிவியல் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தபோதே பதிவேடு சுற்றி வந்துவிட்டது. முந்திக் கையெழுத்துப் போட்டவர்கள் எழுந்து நின்றார்கள்; அவரும் போட்டுவிட்டார். ஃபிரிட்ஜ் பாடம் அறுபத்தேழாம் பக்கத்தில் இருந்திருக்கிறது.

"இது என்னோடதுதான்" என்றார். அதற்குப் பிறகு யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எழுதிக் கொடுங்க சார், மேல அனுப்புறேன். அடுத்த வருஷப் புத்தகத்துல பார்ப்பாங்க" என்றார் டீச்சர். ஃபிரிட்ஜை மறுபடி சுவரோடு தள்ளிவிட்டுக் கூலிங்காரர் வெளியே வந்தார்.

அன்றைக்கு மூன்று வீட்டில் வேலை. இரண்டாவது வீட்டில் கம்பியைத் தொட்டதும் வழக்கமான பேச்சை அவர் எடுக்கவில்லை. படித்தவர்கள் உட்கார்ந்து எழுதிய புத்தகம். ஒருவேளை வேறு ஏதோ கணக்கில் அதுவும் சரியாக இருக்குமோ? இருபத்திரண்டு வருடமாகத் தான் பார்த்ததெல்லாம் பின்பக்கம் மட்டும்தானோ? கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மகள் காத்திருந்தாள். "முழுப் பரீட்சையிலயும் இந்தக் கேள்வி வரும்னு சொல்லியிருக்காங்க. எதை எழுத?"

"சரியானதை எழுது."

"முட்டை போட்டா திட்டுவீங்களா?"

"திட்ட மாட்டேன்." கருவிப் பையை இறக்கி வைத்தார். "ஆனா மார்க் குறையக் கூடாது."

"அப்ப புத்தகத்துல இருக்கிறதை எழுதவா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்பா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "வாயைத் திறங்களேன். புள்ள உங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கு."

மகள் விடைத்தாளை அவர் பக்கம் நகர்த்தி, மேலே ஒரு பேனாவை வைத்தாள். "சரி, கையெழுத்தாவது போடுங்க. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவர் விரலை வைத்தார். பிறகு பேனாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, மகளின் டப்பாவிலிருந்து பென்சிலை எடுத்து, அழுத்தாமல் தன் பெயரை எழுதினார்.