மூன்று மணிக்குப் பேராதனையில்

விமலநாதன் கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு வந்தது ஊர் பார்க்க என்றுதான் லொட்ஜ்காரனிடம் சொன்னார். முழுப் பொய்யுமில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வரையும் கண்டி மாநகரசபையில் படவரைஞராக இருந்த மனுசன். நகரத்துப் பழைய கட்டடங்களை நாடா பிடித்து அளந்து தாளில் இறக்கியவர். இருபது வருடம் கழித்து, யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்ததும் திரும்பி வந்திருக்கிறார். ஆனால் கட்டடம் பார்க்க அல்ல, மகளைப் பார்க்க.

மகள் கமலாசனி. பேராதனையில் படிக்க வந்த இடத்தில் கூடப் படித்த சிங்களப் பெடியனைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு மகளில்லை" என்று ஒரு வரி எழுதித் தபாலில் போட்டார் இவர். அதற்குப் பிறகு பதினொரு வருடம் மூச்சு விடவில்லை. மனைவி செத்தபோதுகூட அறிவிக்கவில்லை. அப்படியொரு அழுங்குப்பிடி! போன மாதம் அவளே எழுதினாள். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாள், இனித் திரும்பமாட்டாள். புறப்படும் நாளில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் மூன்று மணிக்கு இறங்குவாள். கால் மணித்தியாலம் நிற்பாள். விருப்பமென்றால் அப்பா வரட்டும். இவர் பதில் போடவில்லை. நேரில் போய் நின்றால் அதுதானே பதில் என்று நினைத்தார். அது ரோசமா வெட்கமா, அவருக்கே தெரியாது.

முதல்நாள் பின்னேரம் வந்து சேர்ந்தவர், காலையில் தனியே நடந்தார். தான் அளந்த வெள்ளைக்காரன் காலத்து வளைவுகளும் மரப் பல்கனிகளும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. பலகைகளில் பெயர்கள்தான் வேறு. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டடத்து நெற்றியிலிருந்த மணிக்கூடு அவருடைய கைக்கடிகாரத்தைவிட அரை மணித்தியாலம் முந்திக் காட்டியது. இந்த ஊர் மணிக்கூடுகள் எப்போது ஒழுங்காக ஓடின என்று முணுமுணுத்துக்கொண்டு பேராதனைக்குப் பஸ் ஏறினார்.

பூந்தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் குடைக்குள் சோடி சோடியாக இளசுகள். இவர் ஒரு வாங்கில் அமர்ந்து, மகளிடம் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தார். பிழை என்னிலதான், பிள்ளை. அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

கடை வாசலை மிதித்தபோது அவருடைய கடிகாரத்தில் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைக்காரர் மர்சூக் ஒரு மேசையைத் துடைக்க வந்துகொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஒருவர் வருவார், அதுவரை இருக்கலாமா என்று கேட்டார் விமலநாதன். இப்போதே மூன்று இருபது என்றார் மர்சூக்.

விமலநாதன் தன் கைக்கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தார். ஏழு வருடத்துக்கு முன் அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிளிநொச்சி அடங்கிய வன்னியில் புலிகள் அதை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து அரசாங்கப் பகுதிக்குள் வந்ததும் பஸ்ஸிலுள்ள எல்லாரும் கடிகாரத்தைத் திருப்புவார்கள். நேற்றும் திருப்பினார்கள். மகளை நினைத்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த இந்த மனுசன் ஒருத்தர்தான் திருப்பவில்லை. அட கடவுளே, நேற்றிலிருந்து யாராவது பேச்சுக்காவது இவரிடம் மணி கேட்டிருக்கக் கூடாதா!

ஒரு தங்கச்சி வந்து காத்திருந்ததாகவும், தகப்பனுக்கென்று இன்னொரு தேத்தண்ணி வாங்கி வைத்ததாகவும் மர்சூக் சொன்னார். அவள் வந்த வேன் கொழும்புப் பக்கம் போய் ஐந்து நிமிடம். இன்னும் கொஞ்சம் இருந்து பார்க்கும்படி மர்சூக் அவளிடம் சொன்னாராம்.

"அதுக்கு அவங்க சொன்னாங்க, எங்கட அப்பா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்தியே வாற ஆள், மூணு மணிக்கும் இல்லையெண்டா அவர் வரமாட்டார் எண்டு."

விமலநாதன் கதிரையை இழுத்து, யாரும் தொடாத அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். அவள் போகிற இடத்து விலாசம் அவரிடம் இல்லை. சூடாக வேறொன்று போடவா என்று மர்சூக் கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினார்.

"நான் வந்தனான், தம்பி," என்றார். "பத்து நிமிசம் முந்தித்தான் வந்தனான்."