மழை நாளில் உருகிய ஐஸ்

1. தேங்காய் அளவு

பலராமபுரத்துக்கு அனுப்பிய ஐஸ் கட்டி போய்ச் சேர்ந்தபோது தேங்காய் அளவுதான் இருந்தது. அன்று வெயிலே இல்லை. வைகாசிக் கடைசியில் வரும் இடவப்பாதி மழை பிடித்து வானம் இருண்டு கிடந்தது. கொளுத்தும் பங்குனியில் அதே வழியில் முக்கால் கட்டி போய்ச் சேரும்.

அந்த ஐஸ் என் தங்கச்சி பொன்னம்மாளுக்குப் போனது. பலராமபுரத்தில் நெசவுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். விஷக்காய்ச்சலில் கிடந்தாள். சூடு இறங்காவிட்டால் பிழைக்கமாட்டாள், தலையில் ஐஸ் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனியில் உமி மூடும் வேலை பார்த்தேன். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகரக் கேன்கள் முங்கியிருக்கும். கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் கல்லாகிவிடும். சுற்றி நிற்கும் உப்புத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தும் தண்ணீராகவே கிடக்கும். எத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது அதிசயமாகவே இருந்தது.

கட்டி வெளியே வந்ததும் உமி போட்டு, சாக்கு சுற்றி, வண்டியில் ஏற்றுவோம். வெயில் நாளில் உமி கனமாகப் போடுவோம். மழை நாளில் கொஞ்சம் தூவினால் போதும், தார்ப்பாயையும் திறந்து விடு, குளிர்ந்த காற்று படட்டும் என்பதுதான் எங்கள் வழக்கம். அன்றும் அப்படித்தான் அனுப்பினோம்.

வண்டிக்காரன் கேசவன் வழியில் சர்பத் கடைக்கு விற்றுவிட்டான் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் நேரே என்னிடம் வந்தான்.

"அக்கா, ஞான் எங்கயும் நிறுத்தல கேட்டோ. வண்டிக்கு அடியில தண்ணி ஒழுகிக்கிட்டே வந்தது. காளைதான் சாட்சி."

அவனை நான் நம்பினேன். ஆனால் நம்பி என்ன செய்ய? மறுநாள் ஒரு கட்டி தரலாம், அதற்குப் பிறகு வாரம் முழுக்க ஆஸ்பத்திரி ஆர்டர் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

2. அந்தோணி பார்த்த கடல்

எஞ்சின் ஓட்டிய அந்தோணி குளச்சல்காரர். கப்பலில் கரி தள்ளியவர். மரம் ஏற்ற வடகோடிக் கடலுக்குப் போன இடத்தில் கடல் உறைந்து, கப்பல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டதாம். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை ஓயாமல் சொல்வார். அளக்கிறார் என்று மற்றவர்கள் எழுந்து போவார்கள். நான் உமிக் குவியலுக்கு மறுபுறம் உட்கார்ந்து கேட்பேன். ஆண்களிடம் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று வேறு வழியில்லாமல் எழுந்து போய்க் கேட்டேன்: "அண்ணாச்சி, அங்க ஐஸ் எப்ப உருகிச்சு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவளுக்கும் நாக்கு இருக்காக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"வெயிலடிச்ச நாளெல்லாம் ஒண்ணும் ஆகல்ல. வெள்ளை வெளேர்னு கெடக்கும், வெயிலு அதுல பட்டுத் திரும்பி நம்ம கண்ணைத்தான் குத்தும். பொறவு ஒருநாள் தெக்கேருந்து ஈரக்காத்து வந்துது. மூடுபனி, சாரல். சூரியனையே காணல்ல. அன்னைக்குத்தான் வெள்ளை கறுத்துது. மேல குளம் குளமாத் தண்ணி. கறுத்த எடத்துல சூடு இன்னும் ஏறும். அடுத்தால காத்து பலத்துச்சு பாத்துக்கிடுங்க, ஊரு மாதிரி கெடந்த கடல் துண்டு துண்டாப் பிளந்து நகருது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கோட்டை மதில் உசரத்துக்கு நிக்குது. அந்தச் சத்தத்துல கேப்டனே தொப்பியைக் கழத்திட்டான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் தொட்டியில் எஞ்சின் வைத்து உறைய வைப்பதை அங்கே வெறும் காற்று கடல் முழுக்கச் செய்கிறது; அதே காற்று திசை மாறி வந்து உடைத்தும் போடுகிறது.

மேலே விழும் பனித்தூள் என்ன செய்யும் என்று கேட்டேன். அது ஐஸுக்குப் போர்த்திய கம்பளி என்றார். கோடையில் சூட்டைத் தடுக்கும். குளிர்காலத்தில் குளிரையும் உள்ளே விடாது, அதனால் தூள் கனத்த இடத்தில் அடியில் ஐஸ் மெலிந்திருக்கும் என்றார். உமியும் அப்படித்தானே என்று எனக்குப் பட்டது. அதற்குச் சூடு வேண்டியது, குளிர் வேண்டாதது என்று கிடையாது. நடுவில் நிற்கும், அவ்வளவுதான். நனைந்தால் அதுவும் நிற்காது.

பிறகு தொட்டியிலிருந்து தூக்கித் துடைத்து வைத்த கேன்களைப் பார்த்தேன். வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அது கேனுக்குள் இருந்து வந்த தண்ணீர் அல்ல, காற்றில் இருந்த ஈரம். ஐஸில் வந்து படியும்போது அது சூட்டையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. நாங்கள் தார்ப்பாயைத் திறந்துவிட்டு அதைத்தான் நாள் முழுக்க உள்ளே கூப்பிட்டிருக்கிறோம்.

3. பாய்லர் ரூம் உமி

மறுநாள் அந்தோணி பாய்லர் ரூம் தரையில் உமியைப் பரப்பிக் காயவைக்க விட்டார். அது மொறமொறவென்று ஆனபின் ஆற வைத்தேன். கட்டியை ஈரம் போகத் துடைத்து, கனமாக உமி மூடி, உலர்ந்த கம்பளி சுற்றி, மேலே தார்ப்பாயை ஒரு இடுக்கு விடாமல் இழுத்துக் கட்டினோம். உருகும் தண்ணீர் வடிய அடியில் மட்டும் வழி விட்டோம்.

மழை நாளில் இத்தனை உமியா என்று மானேஜர் முகம் சுளித்தார். "போட்டும் சார், அவ தங்கச்சிக்காக்கும்" என்று அந்தோணி சொன்னதும் உள்ளே போய்விட்டார்.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். கரமனைப் பாலம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. வழி முழுக்கத் தார்ப்பாயின் மேல் கையை வைத்தபடியே இருந்தேன். திறந்து பார்க்கக் கை துடித்தது. திறக்கவில்லை. கேசவன் மட்டும் குனிந்து குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்து, "சொட்டுதான் அக்கா, ஒழுகல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பொன்னம்மாள் வீட்டு முற்றத்தில் உமியை விலக்கினோம். மூலைகள் மழுங்கியிருந்தன. கட்டி கட்டியாகவே இருந்தது. அவள் மாமியார் அதைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உடைத்துத் துணியில் கட்டி மாற்றி மாற்றி வைத்தோம். மிச்சத்தை அதே உமியில் மூடி வைத்ததால் மறுநாளைக்கும் இருந்தது. அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் பொன்னம்மாள் கண்ணைத் திறந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"எடுக்கா அந்தச் சனியனை. நெத்தி மரத்துப் போச்சு."

அதற்குமுன் அவள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. திட்டட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கட்டியை மூடும் முன் வெயிலை மட்டும் பார்க்காதீர்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு கடலையே உறையவைத்து உடைக்கிற காற்றுக்கு, நம் ஒரு கட்டி எம்மாத்திரம்?