மைக்கில் சொன்ன என் வலிப்பு

எனக்கு வலிப்பு உண்டு. வீட்டுக்கு வெளியே தெரியாமல்தான் வைத்திருந்தோம். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் விழுந்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் பயந்துபோய் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வாயில் கரண்டியை விட்டார்கள். முன்பல் உடைந்ததுதான் மிச்சம். அவர்கள் மேல் குறையில்லை, வேறு வழி தெரியாது. பிறகு ஆஸ்பத்திரி மாத்திரையாலும் மாரியாத்தா கிருபையாலும் மறுபடி விழவில்லை.

இந்த வருடம் எங்கள் தெருக்கோயில் பொங்கலுக்கு விரதமிருந்து, சட்டியில் பயறு முளைக்கவைத்து முளைப்பாரி போட்டேன். நேர்ந்து போட்டவள்தான் அதைத் தலையில் சுமக்க வேண்டும். தூக்குகிற அன்று, வரிசையில் முன்னால் நின்ற என் மதினி திரும்பினார்.

"நீ தூக்காத தாயி. வழியில வெட்டிக்கிட்டு விழுந்தா பாரி செதறிரும், ஊருக்கே ஆகாது. வேற ஆளு தூக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கியது. மாரியாத்தாளைப் பார்த்தேன். நேரே பந்தலுக்குப் போய், மைக்கில் வரிசை சொல்லிக்கொண்டிருந்தவரிடம் கை நீட்டினேன்.

"அண்ணே, அதக் கொஞ்சம் கொண்டாங்க."

"பிள்ளையக் காணோமா ஆத்தா?"

"இல்லண்ணே, என் சீக்கப் பத்திச் சொல்லணும்."

திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். என் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"எனக்கு வலிப்பு இருக்கு. இது பேயுமில்ல, தொத்தவும் செய்யாது. தெனமும் மாத்திரை போடுறேன். யாரு விழுந்தாலும் சாவி குடுக்காதீங்க, வாயில எதையும் விடாதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கூடவே இருங்க. அஞ்சு நிமிசத்துல நிக்கலேன்னா வெரசா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"அப்ப பாரி?" என்று மதினி அங்கிருந்தே கத்தினார்.

"நான் விழுந்தா பாரிய நீங்க வாங்கிக்கங்க மதினி. என்னையப் பெறகு திட்டுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே பின்வரிசையிலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். "எம் மகளுக்கும் இதே சீக்குத்தான். ஒளிச்சு வச்சே வளத்துட்டேன். இந்தா, கூட்டிட்டு வர்றேன்." சொன்னவள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

மைக்கைக் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினேன். மதினி என் பாரியைத் தானே தூக்கி என் தலையில் வைத்தார். "நட. பக்கத்துலயே வர்றேன்" என்றார்.

கொட்டு முழங்கியது. கோயில் முக்கு திரும்பும்போது அந்தப் பெண்ணும் தாயோடு வரிசையில் சேர்ந்துகொண்டாள். அவள் போட்ட குலவையில் என் குலவை காணாமல் போனது.